பேரத்தில் ஜெயித்தேன், ஆர்.சி.யில் கோட்டை விட்டேன்

பழைய காரின் பதிவுச் சான்றை, அதாவது ஆர்.சி.யை, புதுப்பித்த அந்த 80,000 ரூபாய் ரசீதை இன்னும் ஃபைலில் வைக்கவில்லை. மேசை மேலேயே கிடக்கிறது. 2025 ஆகஸ்டுக்கு முன்னால் கட்டியிருந்தால் அது 40,000. அந்த வயிற்றெரிச்சலில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குத் தொழில் கடலூர் முதுநகரில் படகு எஞ்சின் வேலை. உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும், அலுமினியத்தை என்ன செய்யும் என்று தெரியும். அந்தத் தெம்பில்தான் பாண்டிச்சேரியில் ஒரு போர்ஷே பாக்ஸ்டர் விலைக்கு வருகிறது என்றதும் காது நீண்டது. 2001-ல் செய்த வண்டி. 986 என்று சொல்கிற முதல் தலைமுறை, 2.7 லிட்டர், ஆறு சிலிண்டர், மேலே துணிக்கூரை. 2003-ல் இறக்குமதியாகி பி.ஒய். 01 நம்பர் வாங்கியது. ரெயின்போ நகரில் ஒரு ஷெட்டில் நின்றது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோதும் அங்கேதான் நின்றது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய ஊர், அதிலும் தாழ்வான ரெயின்போ நகர். மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

முதல் தப்பை வண்டியைப் பார்ப்பதற்கு முன்னாலேயே செய்துவிட்டேன். புரோக்கர் போனில் "பட்ஜெட் எவ்ளோ சார்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டான். "நல்லா இருந்தா எட்டு லட்சம் வரைக்கும் போகலாம்" என்று நானும் உளறிவிட்டேன். பொங்கல் முடிந்து நேரில் போனபோது, விற்கிற அம்மா பதினாலில் ஆரம்பித்து ரெண்டு நிமிஷத்தில் ஒன்பதுக்கு வந்தார். ஆகா, இறங்குகிறாரே என்று மனசுக்குள் துள்ளினேன். இறங்கவெல்லாம் இல்லை. என் எட்டு எனக்கு முன்னாலேயே அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே இறக்கி முடிப்பதற்கு மூன்று நடை ஆயிற்று. புரோக்கரிடம் தொகை சொல்லாதீர்கள். "வண்டியைப் பாத்துட்டுப் பேசுவோம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவனுக்கு ரெண்டு பக்கமும் கமிஷன்.

அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்தா குடும்பம். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர், இறந்து ஆறு வருஷம். மகன் துலூஸில், மகள் பாரிஸ் பக்கம். அம்மாவுக்கு எழுபதுக்கு மேல். நான் ஒரு குறை சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் சரியாக காபி வரும். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு விதவையிடம் அவர் வீட்டுக்காரர் வண்டியைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? "அவரு இருந்திருந்தா குடுத்திருக்கவே மாட்டாரு" என்று வேறு சொல்லிவிடுவார். முதல் நடை அதோடு முடிந்தது.

ரெண்டாவது நடைக்கு எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவரைக் கூட்டிப் போனேன். "தானமா வர்ற மாட்டத்தான் பல்லப் புடிச்சிப் பாக்கக் கூடாது. இது இன்னா தானமா?" என்றபடி வண்டிக்குள் உட்கார்ந்தார். அவர் செய்த முதல் வேலை சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தது. வெளியே தெரிகிற பகுதி சுத்தமாக இருந்தது. உள்ளே சுருண்டு கிடந்த அடிப்பகுதியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே காய்ந்த செம்மண் நிறம், மேலே கறுப்பு. நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி உதிர்ந்தது. "வாசப்படி வரைக்கும்தான் தண்ணி வந்துது" என்று அம்மா சொல்லியிருந்தார். பெல்ட் சொன்ன கணக்குப்படி தண்ணீர் சீட் மெத்தை வரை வந்து நின்றிருக்கிறது. வெள்ளத்தில் நின்ற எந்த வண்டியாக இருந்தாலும், அது ஆல்ட்டோவாகவே இருந்தாலும், இதைச் செய்து பாருங்கள். கார்ப்பெட்டை மாற்றுவார்கள், பாலிஷ் போடுவார்கள், பெல்ட்டை மறந்துவிடுவார்கள்.

இந்த மாடலில் சீட் மெத்தை வரை தண்ணீர் என்றால் விஷயம் பெரிசு. பூட்டு, அலாரம், சாவியை அடையாளம் பார்ப்பது எல்லாவற்றையும் கவனிக்கிற கன்ட்ரோல் பெட்டி சீட்டுக்கு அடியில், தரையோடு தரையாக இருக்கிறது. அது நனைந்தால் எஞ்சின் நல்லாயிருந்தாலும் வண்டி கிளம்பாது. புயல்தான் வரவேண்டும் என்றில்லை. கூரையிலிருந்து தண்ணீர் வடிகிற துளைகள் இலைதழையால் அடைத்துக்கொண்டாலே உள்ளே குளம் கட்டிவிடும். அம்மா அந்தப் பக்கம் தாவினார்: "அது வெள்ளம் இல்ல தம்பி, மேல இருந்து வடிஞ்ச தண்ணி." மேலிருந்து வந்தால் என்ன, கீழிருந்து வந்தால் என்னம்மா, பெட்டி போனது போனதுதானே என்றேன். காபி வந்தது.

எஞ்சினைப் பற்றித்தான் எனக்குப் பயம். இந்த வரிசை எஞ்சினில் இடைத்தண்டு பேரிங் என்று ஒன்று உண்டு, ஐ.எம்.எஸ். என்பார்கள். எல்லா வண்டியிலும் போவதில்லை. போனால் முழு எஞ்சினையும் கூட்டிக்கொண்டுதான் போகும். வெளியிலிருந்து பார்க்க வழி கிடையாது, ஏனென்றால் எஞ்சினே கண்ணுக்குத் தெரியாது. சீட்டுக்குப் பின்னால் புதைந்திருக்கும். முன்னால் ஒரு டிக்கி, பின்னால் ஒரு டிக்கி, ரெண்டைத் திறந்தாலும் எஞ்சின் இருக்காது. புரோக்கரே முதல் நாள் ரெண்டையும் திறந்துவிட்டுத் திருதிருவென்று முழித்தான். கேட்டு வாங்க வேண்டியது ஒன்றுதான்: ஆயில் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்க அனுமதி. புது ஃபில்டரும் ஒரு லிட்டர் ஆயிலும் நான் கையோடு கொண்டுபோயிருந்தேன், அதனால் மறுக்க முடியவில்லை. பெரியவர் ஃபில்டர் மடிப்புகளை பிளேடால் அறுத்து, ஒவ்வொன்றாக ஒரு வெள்ளைத் துணியில் ஒற்றி, வெயிலில் கொண்டுபோய் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். மினுமினுப்பு எதுவும் இல்லை, அதாவது பேரிங் தேய்ந்த உலோகத் துகள் இல்லை. ஆயிலில் பால் நிறமும் இல்லை, ஆக உள்ளே தண்ணீர் போகவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பெரியவர் மட்டும் முகத்தைச் செத்த வீட்டுக்கு வந்த மாதிரி வைத்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினார். அதற்கு எவ்வளவு குறைந்தது என்று சரியாகச் சொல்ல முடியாது. அன்றைக்கு மொத்தத்தில் ஏழரைக்கு வந்தோம்.

நடுவில் ஒரு கூத்து. புரோக்கர் "அசல் ஜெர்மன் சரக்கு சார்" என்று மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தான். கண்ணாடிக்குக் கீழே இருந்த சேஸிஸ் நம்பரில் பதினோராவது எழுத்தைப் பார்த்தேன். எஸ் என்றால் ஸ்டுட்கார்ட், யு என்றால் பின்லாந்தில் உள்ள ஊசிகௌபுங்கி. இந்தத் தலைமுறை பாக்ஸ்டரில் பாதிக்கு மேல் அங்கேதான் பிறந்த வீடு. இதில் யு. தரத்தில் எந்த வித்தியாசமும் கிடையாது, எனக்கே தெரியும். இருந்தாலும் விட மனசில்லை. "இது ஜெர்மனி இல்லம்மா, பின்லாந்து" என்றேன். அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பின்லாந்தா? அது இன்னும் தூரமாச்சே. வந்த செலவே அதிகம் ஆகியிருக்குமே" என்றார். பெரியவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது தவளக்குப்பம் தாண்டி பெரியவர் சொன்னார்: "நீ வண்டியவே பாத்துட்டு இருந்த. வூட்டப் பாத்தியா? கீழ் போர்ஷன்ல புதுசா சுண்ணாம்பு அடிச்சிக்கிது. வாடகைக்கு வுடப் போறாங்க. வர்றவன் ஷெட்டு கேப்பான்."

மூன்றாவது நடையில் நான் குறை எதையும் பேசவில்லை. பின்னால் மஞ்சள் பூத்துப்போன பிளாஸ்டிக் ஜன்னலைப் பேசவில்லை, வெள்ளைப் பூ பூத்திருந்த அலுமினியத்தைப் பேசவில்லை. "ஞாயித்துக்கிழமைக்குள்ள ஷெட்டைக் காலி பண்ணிக் குடுத்துடறேம்மா" என்றேன். அம்மா முதல் முறையாக அமைதியானார். ஏழரை ஆறே முக்காலானது. அப்புறம் ஆர்.சி. புதுப்பிக்கிற செலவை எடுத்தேன். இறக்குமதியான நாலு சக்கர வண்டி பதினைந்து வருஷம் தாண்டினால் புதுப்பிக்க அப்போது 40,000 ரூபாய், 2022 ஏப்ரலில் வந்த கட்டணம். 2018-ல் ஒரு முறை புதுப்பித்து, 2023-ல் மறுபடி காலாவதி. "அத நீங்களே கட்டிக்கோங்க, வெலையில கழிச்சிக்கலாம்" என்றார். அதையும் கழித்து, இன்னும் கொஞ்சம் பேசி, கடைசியாக 6,20,000. கை குலுக்கினோம். முள்ளோடை தாண்டி வண்டி கேரியர் வேனில் ஏறி வரும்போது ஊரையே வாங்கிவிட்ட மாதிரி இருந்தது.

காகிதம் பார்க்காமல் வாங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுங்கத்தில் வரி கட்டிய பில் ஆஃப் என்ட்ரி அசல் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்தேன். சுற்றுலா என்று கார்னெட் என்கிற தற்காலிக அனுமதியில் கொண்டுவந்து வரி கட்டாமல் விற்கப்பட்ட வண்டிகள் நாட்டில் உண்டு, அதை வாங்கினால் ஒருநாள் வாசலில் அதிகாரிகள் நிற்பார்கள். பி.ஒய். நம்பர் சொகுசு வண்டி என்றாலே விலாசத்தையும் பார்க்க வேண்டும்; வரி குறைவு என்று வெளிமாநிலத்துக்காரர்கள் பாண்டி விலாசம் காட்டிப் பதிவுசெய்தது 2017-ல் கேரளாவில் எவ்வளவு பெரிய வழக்கானது என்று நினைவிருக்கும். இங்கே விலாசம் அசல், அம்மா அந்த வீட்டில்தான் இருக்கிறார். எல்லாம் சரி. அந்தத் திமிர்தான்.

ரிப்பேர் வேலை ஜூனில் முடிந்தது. செலவு நினைத்ததை விட ஒன்றரை மடங்கு. வீட்டில் சொன்ன தொகை வேறு.

பெயர் மாற்றம்தான் இழுத்தது. இறந்தவர் பெயரிலிருந்து வண்டியை நேரே எனக்கு மாற்ற முடியாது. முதலில் படிவம் 31 கொடுத்து அம்மா பெயருக்கு வரவேண்டும். அதற்கு வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம். மகனும் மகளும் பிரான்ஸிலேயே நோட்டரியிடம் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். அப்போஸ்டில் முத்திரை இல்லை என்று திரும்பிவிட்டது. மறுபடி அனுப்பி வாங்க ஒன்றரை மாதம். இதிலும் என் தப்பு உண்டு, முதலிலேயே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

ஜூன் கடைசியில் எல்லாவற்றையும் அடுக்கி எடுத்துக்கொண்டு அம்மாவோடு கவுன்ட்டரில் நின்றேன். உள்ளே இருந்தவர் ஆர்.சி.யைத் திருப்பினார். ஒரு வரியில் பேனாவை வைத்தார். "ஹெச்.பி. கேன்சல் பண்ணலையே சார்."

கணவர் எப்போதோ வண்டி மேல் ஒரு கடன் வாங்கி, அதைக் கட்டியும் முடித்திருக்கிறார். ஆர்.சி.யில் வங்கி பெயரை, அதாவது ஹெச்.பி. என்கிற கடன் குறிப்பை, நீக்கவே இல்லை. கவுன்ட்டர்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை, சரியாகத்தான் சொன்னார். வெளியே வந்து போனைத் திறந்தால், வண்டிப் பதிவு விவரம் காட்டுகிற ஆப்பில் ஜனவரியில் நானே எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. சேஸிஸ் நம்பரை வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். நாலு வரி கீழே பைனான்ஸ் கொடுத்தவர் என்று வங்கியின் பெயர். ஃபில்டர் மடிப்பு மடிப்பாகப் பார்த்தவன் இந்த ஒரு வரியைப் பார்க்கவில்லை.

அந்த வங்கி வேறொரு வங்கியோடு சேர்ந்துவிட்டது. பழைய கிளை இருந்த இடத்தில் இப்போது துணிக்கடை. புதிய கிளையில் "எங்க சிஸ்டத்துல இந்த லோன் நம்பரே இல்ல" என்றார்கள். இல்லை என்றால் பாக்கியும் இல்லை என்றுதானே அர்த்தம், அதை எழுதிக் கொடுங்கள் என்றேன். இல்லாத கடனுக்கு எப்படி சார் என்.ஓ.சி. கொடுப்பது என்றார்கள். கடலூருக்கும் பாண்டிக்கும் ஏழு தடவை. ஏழாவது தடவை அம்மா ஒரு பழைய பிஸ்கட் டப்பாவிலிருந்து கடன் முடித்த ரசீதை எடுத்துக்கொண்டு வந்தார். "இத மொதல்லயே கேட்டிருக்கலாமே தம்பி." கடன் குறிப்பை நீக்கும் படிவம் 35-ல் சீல் விழுந்தபோது செப்டம்பர் முதல் வாரம்.

2025 ஆகஸ்டில் கட்டணம் மாறியிருந்தது. இருபது வருஷம் தாண்டிய இறக்குமதிக் காருக்கு 80,000.

கட்டினேன். வண்டி பரிசோதனை அரை மணி நேரத்தில் முடிந்தது. இனி வேறு மாநிலத்துக்கு மாற்றத் தடையில்லை என்கிற படிவம் 28 வாங்கி, இந்தப் பக்கம் கடலூரின் டி.என். 31-க்கு மாற்றி, ஆயுள் வரி கட்ட வேண்டும். அது தனிக் கதை.

கழித்துக்கொண்டது 40,000, கட்டியது 80,000. கூடுதலில் பாதியாவது கேட்டுப் பார்ப்போம் என்று போன வாரம் அம்மாவிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். காபி வந்தது. பணம் பற்றிப் பேச்சே இல்லை. "மாடியில தண்ணித் தொட்டிப் பக்கம் ஒரு மூடி கெடக்குது, இந்த வண்டியோடதுதான்னு சொல்வாரு, வேணுமான்னு பாரு" என்றார்.

ஏறிப் பார்த்தேன். பாக்ஸ்டருக்குத் தனியாக வருகிற ஹார்டு டாப். பின் கண்ணாடி முழுசாக இருக்கிறது. மேலே வடகம் காய்கிறது. இதைத் தேடினால் இங்கே கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் ஷிப்பிங் மட்டுமே கண்ணைக் கட்டும். முகத்தை எப்படியோ செத்த வீட்டு முகமாக்கிக்கொண்டு இறங்கி வந்தேன்.

"பழசும்மா. எடத்த அடச்சிட்டு இருக்குது. வேணா எடுத்துட்டுப் போறேன்."

"எடுத்துட்டுப் போ. அஞ்சாயிரம் குடுத்துடு."

மூவாயிரத்துக்கு முடித்தேன். வடகத்தை அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.