பூஜ்யம் என்று வந்த கிராமம்

மாவட்ட நோய்க் கண்காணிப்புப் பிரிவில் தரவு மேலாளராக நான் சேர்ந்தபோது எல்லாமே தாள்தான். எஸ், பி, எல் என்று மூன்று படிவங்கள். எஸ் படிவத்தைக் கிராம சுகாதார செவிலியர் நிரப்புவார். காய்ச்சல் எத்தனை பேர், பேதி எத்தனை பேர் என்று அறிகுறியை மட்டும் வைத்து. பி படிவம் டாக்டருடையது, எல் படிவம் ஆய்வகத்துடையது. 2004-இல் தொடங்கிய ஐ.டி.எஸ்.பி. என்ற ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் முறை அது. திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரக் கணக்கு. துணை சுகாதார நிலையத்திலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம், அங்கிருந்து வட்டாரம், அப்புறம் என் மேசை. அதற்குள் செவ்வாயோ புதனோ ஆகிவிடும். போன திங்கட்கிழமை ஒருவருக்குக் காய்ச்சல் வந்ததை இந்தப் புதன்கிழமை நான் படிப்பேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். நான் தாளைப் பிரிப்பதற்குள் ஒரு தலைமுறைக் கொசு வெளியே வந்திருக்கும்.

2021 ஏப்ரலில் ஐ.எச்.ஐ.பி. என்ற சுகாதாரத் தகவல் இணையத் தளம் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தது. செவிலியர் கையில் செயலி, அன்றைய கணக்கு அன்றைக்கே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவாகும் நோயாளியின் ஊரும் வயதும் என் திரைக்கு வந்துவிடும். வேகம் கூடியது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு ஒன்று. அதை ஒரு வியாழக்கிழமை மாலை புரிந்துகொண்டேன்.

வரைபடத்தில் ஒரே ஊரில் நான்கு புள்ளிகள். நான்கும் வயிற்றுப்போக்கு. இரண்டு பேர் அவர்களுடைய ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தார்கள். மற்ற இருவர் பஸ் வசதியைப் பார்த்துப் பக்கத்து வட்டாரத்து நிலையத்துக்குப் போயிருந்தார்கள். பழைய முறையில் அங்கே இரண்டு, இங்கே இரண்டு என்று வழக்கமான பேதிக் கணக்கில் கரைந்திருக்கும். இரண்டு டாக்டர்கள் மீதும் தப்பில்லை; அவரவர் கண்ணுக்குத் தெரிந்தது இரண்டு பேர்தான். நோயாளி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று பார்க்காமல் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று பார்த்ததால்தான் நான்கும் ஒன்றாகத் தெரிந்தன.

செவிலியருக்கு போன் போட்டேன். “கோயில் கொடை சார், நேத்து கறிச்சோறு. ஒத்துக்காம போயிருக்கும்” என்றார். நியாயமான பேச்சுதான். “எதுக்கும் அந்தத் தெருவில ஒரு நடை போய்ப் பாருங்க சிஸ்டர்” என்றேன். இருட்டும் நேரத்தில் டார்ச்சோடு போனார். ஒரு மணி நேரத்தில் கூப்பிட்டார். அந்தத் தெருவில் பதினோரு பேருக்குப் பேதி. அதில் ஐந்து பேர் பந்தியில் உட்காரவே இல்லை. ஒரு கைக்குழந்தையும் உண்டு.

மறுநாள் விடிந்ததும் சுகாதார ஆய்வாளரோடு போனேன். மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் இருந்த குழாயில் தண்ணீர் பிடித்து, குளோரின் சோதனைக்கான சொட்டு மருந்தை விட்டோம். மஞ்சள் நிறம் வந்தது, குளோரின் இருக்கிறது. தெருக்கோடிக் குழாயில் பிடித்தோம். ஒரு நிறமும் இல்லை. நடுவில் எங்கோ கெட்டிருக்கிறது. டேங்க் ஆபரேட்டர்தான் இடத்தைக் காட்டினார்: வால்வுக் குழி முழுக்கச் சாக்கடைத் தண்ணீர், அதற்குள் மூழ்கிக் கிடந்த குழாயின் இணைப்பில் கசிவு. தண்ணீர் விடாத நேரத்தில் குழாய் காலியாகும். அப்போது வெளியே நிற்பது உள்ளே இழுக்கப்படும். சப்ளையை நிறுத்தி, லாரியில் குடிநீர் கொடுத்து, வீடு வீடாக ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கொடுத்தோம். தண்ணீர் மாதிரியின் ஆய்வு முடிவு வர நாளாயிற்று. அதற்குள் தெரு தேறிவிட்டது. ஒரு உயிரும் போகவில்லை. அந்தக் கைக்குழந்தையை அதன் பாட்டி மடியில் வைத்து ஸ்பூனால் கரைசல் புகட்டிக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இது நன்றாக முடிந்த கதை. முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டும்.

அன்றன்றைக்குப் பதிவு வராத நிலையங்களின் பட்டியலை நான் தினமும் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். நூறு சதவீதம் வர வேண்டும் என்று எனக்கும் மேலிருந்து அழுத்தம். பட்டியல் சுருங்கிக்கொண்டே வந்தது; எனக்கு நிறைவாக இருந்தது. ஒரு மழைக்காலத்தில் நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றிலிருந்து தகவல்: டெங்குவோடு ஒரு கல்லூரி மாணவன் தீவிர சிகிச்சையில் இருக்கிறான். ஊர்ப் பெயரைப் பார்த்துத் திரையைத் திறந்தேன். மூன்று வாரமாக அந்த ஊரில் காய்ச்சல் பூஜ்யம்.

மறுநாள் வீடு வீடாகப் போனபோது இருபதுக்கும் மேல் காய்ச்சல்காரர்கள். எல்லோரும் தனியார் கிளினிக்கில் ஊசி போட்டு வந்தவர்கள். ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் குடிநீர் வரும் ஊர்; வாசலுக்கு வாசல் டிரம். மூடியைத் தூக்கினால் புழு நெளிந்தது. எடுத்த ரத்தத்தில் பலருக்கு டெங்குவை எதிர்த்து உடல் உண்டாக்கும் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் பாசிட்டிவ், அதாவது காய்ச்சல் தொடங்கி நாலைந்து நாளாவது தாண்டிவிட்டது. அந்த ஊர்ச் செவிலியர் இரண்டு துணை நிலையங்களைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். போக முடியாத நாளிலும், பட்டியலில் பெயர் வரக்கூடாதே என்று பூஜ்யம் போட்டிருக்கிறார். அழுதார். அவரை என்னால் குறை சொல்ல முடியவில்லை. அந்தப் பூஜ்யத்தை அவரிடம் கேட்டு வாங்கியவன் நான். பையன் பிழைத்தான்; ஆனால் அவன் அம்மா அந்த வார்டு வாசலில் உட்கார்ந்திருந்த நாட்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

கூகுள் 2008-இல் மக்கள் தேடும் சொற்களை வைத்து ஃப்ளூவைக் கணிக்கத் தொடங்கியது. 2012–13 குளிர்காலத்தில் அந்தக் கணிப்பு உண்மை நிலவரத்தைவிட மிக அதிகமாகப் போய்விட்டது. அங்கே எண் ஊதிப் பெருத்தது, எங்கள் ஊரில் இல்லாமலே போனது. இரண்டு இடத்திலும் எண்ணைத் திரையில் பார்த்தவர்கள் வீட்டு வாசலைப் பார்க்கவில்லை.

இப்போது குழுவில் பட்டியல் போடுவதில்லை. போக முடியவில்லை என்றால் காலியாக விடுங்கள், நான் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எங்கள் சதவீதம் குறைந்தது. ஆய்வுக் கூட்டத்தில் அதற்கு நானே விளக்கம் சொல்கிறேன். காலையில் சிவப்புப் புள்ளிகளைப் பார்க்கும் முன், வழக்கமாக வாரம் நாலைந்து காய்ச்சல் வந்து திடீரென்று நின்றுபோன ஊர்கள் எவை என்று எடுக்கிறேன். அந்த ஊர்ச் செவிலியர்களுக்குத்தான் முதல் போன். அந்த ஊரில் நடக்கும் கிளினிக்குக்கும் ஒரு போன்.

நேற்றும் அப்படி ஓர் ஊர், மூன்று நாளாகப் பூஜ்யம். கூப்பிட்டதும், நான் கேட்கும் முன்னே சிஸ்டர் சொன்னார்: “நிஜமாவே ஜீரோதான் சார். கீழத்தெரு வரைக்கும் நடந்து பார்த்துட்டுத்தான் போட்டேன்.”