பெரியம்மா வீட்டு வைஃபையில் 17 கருவிகள்

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தது 2023-இல். மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருடம். சாட்ஸ்வர்த்தில் ஒரு தமிழ்ப் பெரியம்மாவின் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன வீடு வாடகைக்குக் கிடைத்தது. கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் பேத்தி அவர். தமிழ் கொஞ்சம்தான் வரும். அந்தக் கொஞ்சத்தையும் எனக்காகவே எடுத்துவைத்ததுபோல் பேசுவார்.

"தம்பி, கரண்ட் வந்துச்சு, கேமரா வரலை."

பிள்ளைகள் வெளியூரில். அவர்கள் வாங்கி மாட்டிய கேட் மோட்டார், கேமரா, கீசர் ஸ்விட்ச், பல்பு எல்லாம் ஒரே வைஃபையில். ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் (ஐபி முகவரி) கொடுக்கும்; அணைந்து எழும்போதெல்லாம் அந்த எண்களைப் புதிதாகப் பங்கு போடும். நேற்று 23-இல் இருந்த கேமரா இன்று 31-இல் இருக்கும்; பழைய எண்ணில் தேடினால் கிடைக்காது. தனியாக இருப்பவருக்கு ராத்திரியில் வாசல் தெரியாமல் போவது சின்ன விஷயமில்லை.

முதலில் ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றினேன். பாதித் தொல்லை தீர்ந்தது. ஆனால் நீண்ட வெட்டில் பேட்டரியும் தீர்ந்துவிடும். அப்புறம், என்னிடம் இருந்த ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில், வீட்டுக் கருவிகளைக் கவனிக்கும் ஹோம் அசிஸ்டென்டும், வைஃபையில் என்னென்ன இருக்கின்றன என்று தேடும் என்மேப்பும் போட்டேன். அது அந்த வைஃபையில் கொடுக்கக்கூடிய 254 எண்களையும் வரிசையாகக் கூப்பிட்டு, "இது யாருடையது?" என்று கேட்கும். ஓர் எண் எந்தக் கருவியுடையது என்று கண்டுபிடிக்கும் ஏஆர்பி முறையில் கேட்பதால், 'இருக்கிறாயா?' என்று கேட்கும் சாதாரண பிங்குக்கு வாய் திறக்காத கருவிகூடப் பதில் சொல்லியாக வேண்டும்.

17 பதில்கள் வந்தன. ஒவ்வொரு கருவிக்கும் இருக்கும் அடையாளக் குறியான மேக் முகவரியின் முதல் ஆறு எழுத்துகளை வைத்துத் தயாரிப்பாளர் யாரென்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் ஐந்துக்கு 'எஸ்பிரெசிஃப்' என்றே வந்தது. அது உள்ளே இருக்கும் வைஃபை சிப்பைச் செய்த கம்பெனி. பிளக்கிலும் பல்பிலும் அதே சிப்தான். எது எதுவென்று எப்படிப் பிரிப்பது?

மின்வெட்டுதான் கைகொடுத்தது. முன்கூட்டியே அறிவித்த வெட்டு நேரத்தைப் பார்த்து, பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விளக்கு அணைந்ததும் கீசர், பல்பு, பிளக் எல்லாம் பட்டியலிலிருந்து உதிர்ந்தன. இன்வெர்ட்டரில் இருப்பவை மட்டும் மிஞ்சின. அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். எதைக் கழற்றினாலும் ஒன்று மட்டும் போகவேயில்லை. யாரோ வெளியாள் நுழைந்துவிட்டாரோ என்று வயிற்றைக் கலக்கியது. கடைசியில் கராஜுக்குப் போய்ப் பார்த்தால், இன்வெர்ட்டரின் அடியிலேயே கட்டைவிரல் அளவில் இன்வெர்ட்டரையே வைஃபையில் இணைக்கும் ஒரு குச்சி, நீல விளக்கோடு.

போனை மட்டும் நம்பாதீர்கள். அது தூங்கினால் பதில் சொல்லாது. பெரியம்மா அடுப்படியில் நின்று கறி தாளிக்கும்போதே 'வீட்டில் இல்லை' என்று காட்டியது. அதனால் அலாரத்தைப் போனோடு இணைக்கவே இல்லை.

மற்ற ஒவ்வொன்றுக்கும் ரவுட்டரில் நிரந்தர எண் ஒதுக்கினேன். பெயர் வைத்தது பெரியம்மா: வாசல் கேமரா, சாமி ரூம் லைட், சுடுதண்ணி. தமிழ் எழுத்து அவருக்கு வாசிக்க வராது. பக்கத்தில் ஆங்கில எழுத்திலும் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் பேட்டரியும் தீர்ந்து எல்லாம் அணைந்த ஒரு ராத்திரி. மின்சாரம் திரும்பிக் கொஞ்ச நேரத்தில் பின்கட்டுக் கதவைத் தட்டினார். கையில் டேப்லெட்.

"தம்பி, பதினேழும் வந்துச்சு."