வல்வெட்டித்துறைக்கு ஒரு சகோதர நகரம் தேடிய கதை

இலங்கையின் வடகரையில் உள்ள எங்கள் வல்வெட்டித்துறையின் ஊர்ச் சங்கத்தில் சகோதர நகரப் பேச்சு, அதாவது வேறு நாட்டு ஊர் ஒன்றோடு முறைப்படி உறவு ஒப்பந்தம் செய்யும் பேச்சு, எழுந்ததும் வந்து விழுந்த பெயர்கள் எல்லாம் பெருநகரங்கள்: லண்டன், ரொறன்ரோ, பாரிஸ். எங்கட சனம் வாழ்கிற இடங்கள், அதனால் ஆசை இயல்புதான். "தம்பி, பாரிஸ் எண்டால்தான் நாலு பேர் திரும்பிப் பார்ப்பினம்" என்றார் மூத்தவர் ஒருவர். ஆனால் பாரிஸ் 1956 முதல் ரோமை மட்டுமே சகோதர நகரமாக வைத்திருக்கிறது. வேறு பெருநகரம் ஒன்று சம்மதித்தாலும், அதன் நீண்ட பட்டியலில் எங்கள் பெயரை யார் வாசிப்பார்கள்? எங்கள் கதையைக் கேட்க ஆசைப்படும் ஊர்தான் வேண்டும் என்று வாதாடினேன்.

நான் சொன்ன பெயர் குளோஸ்டர். இங்கிலாந்தில் உள்ளதல்ல, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில் இருக்கும் மீன்பிடித் துறைமுகம். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி அம்மாள் என்ற பாய்க்கப்பலை வில்லியம் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். எங்களூர் மாலுமிகள் அதில் சுயஸ் கால்வாய் கடந்து, அத்திலாந்திக்கையும் தாண்டி, 1938 ஆகஸ்ட் 1 அன்று குளோஸ்டரில் போய் இறங்கினார்கள். இதைவிட என்ன உறவு வேண்டும்?

தேடத் தேட இன்னும் கிடைத்தது. அங்கே யூன் கடைசியில் புனித பேதுரு திருவிழா. கடலுக்கு மேலே கிடையாக நீட்டிய மரத்தில் கொழுப்புப் பூசி, அதன் நுனியில் உள்ள கொடியைப் பிடிக்க இளைஞர்கள் வழுக்கி வழுக்கி ஓடுவார்கள். படத்தைக் காட்டியதும் கூட்டத்தில் எல்லோருக்கும் வழுக்குமரம் ஞாபகம் வந்துவிட்டது. எங்களிடம் தைப்பொங்கல் பட்டப்போட்டி இருக்கிறது. கடலில் மாண்ட ஆயிரக்கணக்கான மீனவரின் பெயர்களை அவர்கள் கரையில் பொறித்து வைத்திருக்கிறார்கள். கடலுக்குப் போய்த் திரும்பாதவரின் படம் தொங்கும் வீடுகள் எங்களூரிலும் உண்டு. அந்தப் பெரியவரும் அதன் பிறகு பாரிஸ் பற்றிக் கதைக்கவில்லை.

நடைமுறை வேறு கதை. சங்கம் கையெழுத்திட முடியாது. இரண்டு ஊர்களின் நிர்வாகத் தலைவர்களும் ஒப்பமிட வேண்டும், அதற்கு நகரசபை முன்வர வேண்டும். யாழ்ப்பாணமும் லண்டனின் கிங்ஸ்ரனும் 2016இல் செய்துகொண்ட ஒப்பந்தம் எங்களுக்கு நல்ல முன்னுதாரணம். ஆனாலும் முதலில் "நட்பு நகரம்" என்ற இலகுவான நிலையைக் கேட்பதென்று முடிவெடுத்தோம். பாடசாலைப் பிள்ளைகளின் கடிதங்களோடு தொடங்கலாம், பெரிய செலவில்லை.

குளோஸ்டரில் படகு கட்டும் ஒருவருக்கு எழுதியிருந்தேன். வந்த பதிலில் மரியாதை வார்த்தைகள் இரண்டு வரிதான். மிச்சமெல்லாம் கேள்வி: வேப்பம் பலகையை எப்படி வளைத்தீர்கள்? பொருத்துகளை எதனால் அடைத்தீர்கள்? இந்த ஊர்தான் என்று எனக்கு அப்போதே உறுதியாகிவிட்டது.

அவருக்குச் சரியான பதில் எழுத வேண்டும். கப்பல் கட்டிய மேஸ்திரிமாரின் குடும்பத்தினர், பழைய படமோ குறிப்போ வைத்திருப்போர் இருந்தால் தயவுசெய்து தொடர்புகொள்ளுங்கள். நகரசபைக்குக் கொடுக்கும் கோவையிலும் அவற்றைச் சேர்ப்போம்.