ரெண்டு பாட்டில், ஒரே வருஷம்: எல்ஜின் - போர்டோ - அபர்டீன்

2024 அக்டோபர்ல பதினாலு நாள் லீவு போட்டுட்டு ஸ்காட்லாந்தும் பிரான்ஸும் போயிட்டு வந்தேன். ஊர் சுத்திப் பாக்கிறது ஒரு பக்கம் இருந்தாலும் உண்மையான காரணம் வேற, ரொம்ப நாளா மனசுல கிடந்த ஒரு கடன், ரெண்டு வீட்டுக்கு கையில நல்ல பாட்டில் ஒண்ணோட போய் நிக்கணும்னு.

2009 செப்டம்பர்ல அபர்டீன்ல மாஸ்டர்ஸ் சேர்ந்தேன். ஒரு வயசான தம்பதியோட வீட்டுக்குப் பின்னாடி இருந்த சின்ன போர்ஷன்ல நானும் ஒரு ஃபிரெஞ்சுக்கார பையனும் வாடகைக்கு இருந்தோம். 2010 ஜனவரி, வெளிய முழங்கால் அளவு பனி, எங்க பாய்லர் உயிரை விட்டுடுச்சு, எனக்கோ காய்ச்சல். ஹவுஸ் ஓனர் அம்மா வந்து பாத்துட்டு ஒரு வார்த்தை பேசல, எங்க ரெண்டு பேரோட போர்வை தலகாணியை எல்லாம் சுருட்டிக்கிட்டு அவங்க வீட்டுக்குள்ள கொண்டு போயிட்டாங்க. ஒன்பது நாள் அங்கதான் சாப்பாடு தூக்கம் எல்லாம். அவங்க வீட்டுக்காரர் சுடுதண்ணில தேனும் எலுமிச்சையும் விட்டு கொஞ்சமா விஸ்கி ஊத்தி, ஹாட் டாடின்னு கொடுத்தார். நான் வாழ்க்கைல குடிச்ச முதல் விஸ்கி அது. ரூம்மேட் பக்கத்து சோஃபால படுத்துக்கிட்டே ராத்திரி முழுக்க என் நெத்தியைத் தொட்டுத் தொட்டு பாத்துட்டு இருந்தான். அவன் இப்போ பிரான்ஸ்ல போர்டோல (Bordeaux) இருக்கான்.

என்ன கொடுக்கிறதுன்னு யோசிச்சப்போ, ஸ்காட்லாந்துக்காரங்களுக்கு விஸ்கியும் போர்டோக்காரனுக்கு ஒயினும் கொண்டு போனா அது கொல்லன் தெருவுல ஊசி விக்கிற மாதிரி. அதனால மாத்திப் போட்டேன். விஸ்கி வாங்கி போர்டோவுக்கு, ஒயின் வாங்கி அபர்டீனுக்கு. யூகே விசிட்டர் விசா பொதுவா மல்டிபிள் என்ட்ரிதான், அதனால எடின்பரோ, போர்டோ, மறுபடி எடின்பரோன்னு டிக்கெட் போட்டாச்சு.

ஒண்ணு சொல்லிடறேன், டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே ரெண்டு வீட்டுக்கும் மெயில் போட்டு நேராவே கேட்டேன், இப்பவும் குடிக்கிறீங்களா, டாக்டர் ஏதாவது சொல்லியிருக்காரா, பாட்டில் கொண்டு வந்தா சங்கடமா இருக்குமான்னு. எங்க சித்தப்பா குடியாலதான் போனார், நாப்பத்தி மூணு வயசுல. அந்த வீட்டுல வளந்தவனுக்கு ஒருத்தர் கையில பாட்டிலைக் கொடுக்கிறது சாதாரண விஷயம் இல்ல. கேக்காம கொடுக்கவே கூடாதுங்கிறது என் முடிவு, அதுல சர்ப்ரைஸ் கெட்டுப் போனாலும் பரவால்ல.

எடின்பரோல இறங்கி அபர்டீன் பக்கமே போகாம இன்வர்னெஸ் வழியா ரயில்ல எல்ஜின் போயிட்டேன், வெறும் கையோட அவங்க வீட்டு வாசலை மிதிக்க மனசு வரல. எல்ஜின்ல இருந்து பஸ் ஏறினா டஃப்டவுன். ஸ்பே ஆத்துப் பக்கத்துல இருக்கிற குட்டி ஊர், நாலு தெரு கூடுற இடத்துல ஒரு மணிக்கூண்டு, அவ்வளவுதான், ஆனா சுத்திலும் விஸ்கி காய்ச்சுற டிஸ்டிலரி. ரோம் ஏழு மலை மேல நின்னுது, டஃப்டவுன் ஏழு காய்ச்சும் பானை மேல நிக்குதுன்னு அந்த ஊர்க்காரங்க ஒரு பழமொழியே வெச்சிருக்காங்க. கிளென்ஃபிடிக் இங்கதான் இருக்கு, வில்லியம் கிராண்ட் தன் பிள்ளைங்களோட சேர்ந்து கட்டினது, 1887 கிறிஸ்துமஸ் அன்னிக்கு முதல் சாராயம் இறங்குச்சாம். அங்கங்க குடோன் சுவரும் மரக்கிளையும் கரி பூசின மாதிரி கறுப்பா இருந்துச்சு, முதல்ல ஏதோ தீ விபத்துன்னு நெனச்சேன், பீப்பாய்ல இருந்து ஆவியாகிப் போற ஆல்கஹாலைத் தின்னு வளர்ற பூஞ்சையாம் அது.

ஆவியாகிப் போறதுன்னா சும்மா இல்ல, வருஷத்துக்கு சுமார் ரெண்டு பெர்சென்ட். தேவதைகளோட பங்குன்னு சொல்றாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க, பதினஞ்சு வருஷம் வெச்சா பீப்பாய்ல கால்வாசி காணாமப் போயிடும். பழைய விஸ்கி ஏன் அந்த விலைன்னு எனக்கு அந்த கறுப்பு சுவரு முன்னாடி நின்னப்பதான் உறைச்சுது.

அடுத்த நாள் பக்கத்து ஊரு கிரெய்கெல்லக்கில பீப்பாய் செய்யிற பட்டறைக்குப் போனேன், ஸ்பேசைடு கூப்பரேஜ். மேல மாடியில கண்ணாடிக்குப் பின்னாடி நின்னு பாக்கலாம். இந்த இடத்தைப் பத்தி எவ்வளவு எழுதினாலும் பத்தாது. கீழ வரிசையா ஆளுங்க, ஒவ்வொருத்தருக்கும் முன்னாடி ஒரு பீப்பாய், இரும்பு வளையத்து மேல உளி மாதிரி ஒண்ணை வெச்சுக்கிட்டு சுத்தியலால தட்டிக்கிட்டே பீப்பாயைச் சுத்தி நடக்கிறாங்க, தட்டு, ஒரு அடி, தட்டு, ஒரு அடி, கோயில்ல பிரதட்சணம் வர்ற மாதிரி நிக்காம. பசை கிடையாது, பலகைக்குப் பலகை ஆணி கிடையாது, ஓக் பலகையும் இரும்பு வளையமும் அந்த அடியும்தான் அதைப் பிடிச்சு வெச்சிருக்கு, இடுக்குல காஞ்ச கோரையை வெச்சு அடைக்கிறாங்க. உள்பக்கம் நெருப்பு காட்டி கருக்குறதையும் பாத்தேன், எரிஞ்ச மரமும் வெல்லப்பாகும் கலந்த மாதிரி வாசனை கண்ணாடியைத் தாண்டி வந்துச்சு. முக்காவாசி அமெரிக்காவுல ஒரு தடவை பர்பன், அதாவது அவங்க ஊர் விஸ்கி, வெச்ச பீப்பாய்ங்க. அங்க சட்டப்படி பர்பனுக்கு புது ஓக்தான் போடணும், அதனால ஒரு தடவை முடிஞ்சதும் கப்பல் ஏறி இங்க வந்துடுது.

கடை விஷயத்துக்கு வர்றேன். சனிக்கிழமை காலைல ஒன்பதே காலுக்கே எல்ஜின்ல கடை வாசல்ல போய் நின்னேன், பத்து மணிக்கு முன்னாடி ஸ்காட்லாந்துல பாட்டில் விக்கக் கூடாது, ராத்திரி பத்துக்கு மேலயும் கூடாது, போறவங்க ஞாபகம் வெச்சுக்கோங்க. திறந்ததும் நான் கேட்டது எது ரொம்ப வயசானதுன்னு. இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல போனா பல நூறு பவுண்டு. கடைக்காரர் நிதானமா ஒரு கேள்வி கேட்டார், யாருக்கு, என்ன விசேஷம், அவருக்கு என்ன பிடிக்கும்? நான் 2009 கதையைச் சொன்னேன். வயசு ஜாஸ்தின்னா நல்லதுன்னு எடுத்துக்காதீங்க, ரொம்ப நாள் மரத்துலயே கிடந்தா மரக்கசப்பு மட்டும்தான் மிஞ்சும்னு சொல்லிட்டு உள்ள போய் ஒரு பாட்டில் கொண்டு வந்தார். ஒரே ஒரு பீப்பாய்ல இருந்து எடுத்தது. லேபிள்ல காய்ச்சினது 2009, பாட்டில்ல அடைச்சது 2024, மொத்தம் இருநூத்தி அறுபத்திச் சொச்சம் பாட்டில்ல இது எத்தனையாவதுன்னு கையால எழுதியிருந்துச்சு. நாங்க காய்ச்சலும் பனியுமா அந்த வீட்டுல கிடந்தப்போ இது இங்க எங்கயோ ஒரு குடோன் இருட்டுல பீப்பாய்க்குள்ள முதல் குளிர்காலத்தைக் கழிச்சிட்டு இருந்திருக்கு. நூத்தி இருபது பவுண்டு. ஒரு நிமிஷம் கூட யோசிக்கல.

பாட்டில்ல 15, 18ன்னு வயசு போட்டிருந்தா அதுல கலந்த விஸ்கிலயே ரொம்ப இளசோட வயசு அது. காய்ச்சின வருஷம் வேணும்னா இந்த மாதிரி வருஷம் அச்சடிச்ச பாட்டிலைத்தான் தேடணும். அப்புறம், கடைக்காரர் ரெண்டு தடவை சொன்னது, படுக்க வைக்காதே. விஸ்கில இருக்கிற வீரியம் கார்க்கை அரிச்சிடும், நேரா நிக்கணும். ஒயினுக்கு நேர் எதிர், படுக்க வெச்சாத்தான் கார்க் காயாம இருக்கும்.

பிரான்ஸ் போறதுக்கு ஃப்ளைட்ல செக்-இன் பெட்டில என் நாலு முழ வேட்டியில பாட்டிலைச் சுத்தி நடுவுல வெச்சேன். பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு வந்ததுக்கு அப்புறம் அந்தப் பக்கம் விஸ்கின்னா ஒரு லிட்டர்தான் வரி இல்லாம, நம்மது 700 மில்லி, பிரச்சனை இல்ல.

போர்டோல நண்பனும் அவன் மனைவியும் ஸ்டேஷனுக்கே வந்துட்டாங்க. அவங்களுக்கு ஏழாவது மாசம், மெயில்ல அதைச் சொல்லாம வெச்சிருந்தான். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி பாட்டிலைக் கொடுத்தேன். வாங்கி, லேபிளைப் படிச்சு, 2009ங்கிற இடத்துல கட்டை விரலை வெச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் தலையே நிமிரல. அப்புறம் ஃபிரெஞ்சுல மனைவிகிட்ட ஏதோ சொன்னான், அவங்க எழுந்து வந்து என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. ஃபிரெஞ்சுக்காரன்னா ஒயின் மட்டும்தான்னு நாம நெனக்கிறோம், அப்படி இல்ல, ரொம்ப வருஷமா எண்ணிக்கைல ஸ்காட்ச் பாட்டில் அதிகமா வாங்கின நாடே பிரான்ஸ்தான், 2022லதான் இந்தியா அதைத் தாண்டுச்சு. அவன் பாட்டிலைத் திறக்கல. குழந்தை பிறந்து இவளும் ஒரு வாய் குடிக்கிற நாள் வரைக்கும் இருக்கட்டும்னான். விஸ்கில எனக்குப் பிடிச்சதே இதுதான், பாட்டில்ல அடைச்சதோட அதுக்கு வயசு நின்னுடும், சீல் உடைக்காம வெச்சா இன்னும் அஞ்சு வருஷம் கழிச்சுத் திறந்தாலும் அதே பதினஞ்சு வயசு விஸ்கிதான். கொடுத்தவன் அவசரப்படுத்தாத பரிசு.

மறுநாள் அவனே சென்ட் எமிலியோன் கூட்டிட்டுப் போனான். ரயில்ல அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, ஸ்டேஷன்ல இருந்து திராட்சைத் தோட்டத்துக்கு நடுவுல நடக்கணும். அறுவடை முடிஞ்சு இலை எல்லாம் செம்பழுப்பா இருந்துச்சு. ஊர் மொத்தமும் சுண்ணாம்புக்கல், 1999ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்த இடம், பாறையைக் குடைஞ்சே செஞ்ச ஒரு சர்ச் இருக்கு, கல்லு வெட்டின சுரங்கத்துலயே ஒயினை வெச்சிருக்காங்க. அங்க ஒரு கடையம்மா எனக்கு லேபிள் படிக்கக் கத்துக் கொடுத்தாங்க. கிராண்ட் க்ரூன்னு போட்டிருந்தா மயங்கிடாதே, அது நிறைய பாட்டில்ல இருக்கும், கிராண்ட் க்ரூ கிளாஸேன்னு சேர்த்துப் போட்டிருந்தாத்தான் 1955ல ஆரம்பிச்ச அந்தத் தரப் பட்டியல்ல வர்ற தோட்டம். இங்க மெர்லோ திராட்சைதான் ராஜா, கூட கேபர்னே ஃப்ராங்க். 2009 இருக்கான்னு கேட்டதும் அவங்க முகம் மலர்ந்துச்சு, நல்ல வெயிலடிச்ச வருஷம், போர்டோ முழுக்கக் கொண்டாடின அறுவடை. நண்பன், யாரும் அதிகம் கேள்விப்படாத ஒரு சின்ன ஷாட்டோவை, அதாவது ஒயின் தோட்டத்தைக் காட்டினான், பெரிய பேருக்குக் கொடுக்கிற காசை நல்ல வருஷத்துக்குக் கொடுன்னான். எழுபத்தஞ்சு யூரோ. எப்போ குடிக்கணும்னு கேட்டேன், இப்போ, அதிகம் போனா இன்னும் சில வருஷம்னாங்க. ஒயின் பாட்டிலுக்குள்ளயும் வளர்ந்துட்டே போகும், ஒரு நாள் உச்சம் தொட்டு இறங்கவும் செய்யும். எழுபத்தெட்டு வயசு ஹவுஸ் ஓனர் அம்மாவுக்குக் கொடுக்கிற பாட்டில் இன்னும் பத்து வருஷம் காத்திருக்கணும்னு சொல்ற பாட்டிலா இருக்கக் கூடாதுன்னு எனக்குள்ள உறுதியா இருந்துச்சு, அதனால அந்த பதில் பிடிச்சுது.

திரும்ப எடின்பரோ, அங்கிருந்து ரெண்டரை மணி நேரம் ரயில், அபர்டீன். அதே சாம்பல் நிற கிரானைட் வீடு. ஐயாவுக்கு இப்போ காது சரியாக் கேக்கல. அம்மா கதவைத் திறந்ததும் என்னைப் பாக்காம எனக்குப் பின்னாடி எட்டிப் பாத்தாங்க, அவன் வரலியான்னு.

பயணத்துல குலுங்கின பழைய ஒயினை உடனே திறக்கக் கூடாது, அடியில வண்டல் கலங்கியிருக்கும். அதனால சமையல்கட்டுல ஒரு ஓரமா நேரா நிக்க வெச்சு மூணு நாள் விட்டோம், அந்த மூணு நாளும் அவங்க வீட்டுலயேதான் இருந்தேன். மூணாம் நாள் சாயங்காலம் கார்க்கை எடுத்தோம், பாதி வரைக்கும் கருஞ்சிவப்பா ஊறிப் போயி பிஞ்சுடுற மாதிரி வந்துச்சு. வண்டலை விட்டுட்டு ஒயினை மட்டும் ஊத்தி வைக்கிற டிகேன்டர் எல்லாம் அவங்க வீட்டுல இல்ல, பெரிய பால் ஜக்கு ஒண்ணு எடுத்து வந்தாங்க. வண்டல் வர்றது தெரியணும்னு, மெழுகுவத்தி இருக்க வேண்டிய இடத்துல நான் ஃபோன் டார்ச்சைப் பாட்டில் கழுத்துக்குக் கீழ பிடிச்சேன், அம்மா நடுங்குற கையை இன்னொரு கையால தாங்கிக்கிட்டு மெதுவா, மெதுவா சாய்ச்சாங்க. செங்கல் நிறத்துல தெளிவா இறங்கிட்டே வந்துச்சு, கடைசில காபித்தூள் மாதிரி ஒரு நூல் கழுத்துல எட்டிப் பாத்ததும் நான் போதும்மான்னு தமிழ்லயே கத்திட்டேன், அவங்களும் டக்குனு நிமித்திட்டாங்க.

முதல் வாய்ல உலர்ந்த பிளம்ஸ், கொஞ்சம் ஈர மண்ணு, கடைசில சுருட்டுப் பெட்டி திறந்த மாதிரி ஒண்ணு. ஆளுக்கு ஒரு கிளாஸ், அம்மா மட்டும் இன்னும் அரை. ஐயா அந்த பாய்லரை ரிப்பேர் பண்ண எவ்வளவு ஆச்சுன்னு இப்பவும் பவுண்டு பென்ஸோட சொன்னார். போர்டோவுக்கு வீடியோ கால் போட்டோம், அவன் திறக்காத விஸ்கி பாட்டிலைக் கேமரா முன்னாடி கொண்டு வந்து காட்டினான்.

கிளம்பற அன்னிக்குக் காலைல அம்மா அந்தக் காலி பாட்டிலை, லேபிள் நனையாம உள்ள மட்டும் கழுவி, துணியில சுத்தி என் கையில கொடுத்தாங்க. அதை அதே வேட்டியில சுத்தி சென்னை வரைக்கும் கொண்டு வந்தேன். இப்போ தாம்பரத்துல எங்க வீட்டு ஜன்னல்ல இருக்கு, எங்கம்மா அதுல மணி பிளான்ட் வெச்சிருக்காங்க, வேர் லேபிளுக்குப் பின்னாடி வரைக்கும் இறங்கிடுச்சு.