மாம் டோர் 1:5000 – மூன்று வாரமாகச் சுவரிலேயே நிற்கிறேன்

மாம் டோர் மலையை 1:5000 அளவில் மேஜை மாதிரியாகச் செய்துகொண்டிருக்கிறேன். அதைப் பற்றிப் போன தடவை, "பூச்சு காய்ந்துவிட்டது, அடுத்த வாரம் புல் தூவிவிடுவேன்" என்று ஜம்பமாக எழுதியிருந்தேன். புல் தூள் டப்பாவின் மூடியை இன்னும் திறக்கவே இல்லை. நடுவில் கற்சுவர் வந்து உட்கார்ந்துகொண்டது.

அளவுகளை மட்டும் மறுபடி சொல்லிவிடுகிறேன். பலகை 60 × 50 செ.மீ. அதில் இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைநாட்டில் 3 கி.மீ.க்கு 2.5 கி.மீ. அடங்குகிறது. மேற்கு ஓரத்தில் மாம் டோர், கிழக்கு ஓரத்தில் காஸில்டன் கிராமம், தெற்கில் வின்னட்ஸ் கணவாய், வடக்கு விளிம்பை ஒட்டி ஹோலின்ஸ் கிராஸ் வரைக்கும் போகும் மலைமுதுகு. பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே இலவசமாகத் தரும், 10 மீட்டர் உயரத்துக்கு ஒன்றாக வரும் சமவுயரக் கோடுகள், ஒரு கோட்டுக்கு ஒரு 3 மி.மீ. ஃபோம் போர்டு (நுரை அட்டை), மொத்தம் 34 அடுக்கு. ஆமாம், உயரத்தை ஒன்றரை மடங்கு கூட்டியிருக்கிறேன். இது ஏமாற்று வேலை என்று சொல்பவர்கள் 517 மீட்டர் மலையை உள்ள அளவிலேயே செய்து பார்க்கட்டும். கிராமத்திலிருந்து உச்சிக்கு ஏழு செ.மீ. கூடத் தேறாது. மேஜையில் வைத்தால் ஆறிப்போன ஊத்தப்பம் மாதிரி இருக்கும்.

சரி, சுவருக்கு வருகிறேன்.

அந்தப் பக்கத்து வயல்களுக்கு எல்லை கற்சுவர்தான். சுண்ணாம்பு கிடையாது, சிமென்ட் கிடையாது, கல்மேல் கல்லாக அடுக்கி நிறுத்துவது. கிராமத்தை ஒட்டிய பழைய சுவர்கள் வளைந்து நெளிந்து போகும். மேட்டு மேய்ச்சல் நிலத்தைப் பிற்காலத்தில் அளந்து பங்கு போட்டபோது கட்டியவை, ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்த மாதிரி நேராக மலையேறும். அந்தச் சுவர் இல்லாமல் பச்சையை மட்டும் பூசினால் அது எந்த ஊர் மலையாகவும் இருக்கலாம். மலைக்கு முகவெட்டு கொடுப்பதே சுவர்தான் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். வினையே அங்கேதான் ஆரம்பம்.

ஒரு சுவர் ஏறக்குறைய 1.4 மீட்டர் உயரம். 1:5000-ல் அது 0.28 மி.மீ. எதைக் கொண்டு செய்வது? தையல் நூல்தான். காலிபரில் பிடித்துப் பார்த்தேன், 0.3 மி.மீ. காட்டியது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே.

முதல் வாரம் சாதாரண சாம்பல் நிறப் பருத்தி நூல். ஊசியால் இரண்டு முனையிலும் குத்தி, இழுத்துப் பிடித்து, அடியில் பசை தடவி ஒட்டினேன். ஒன்றரை மீட்டர் நூல் போட்ட பிறகு விளக்கைச் சாய்த்துப் பார்த்தால் பஞ்சு பஞ்சாக சிலும்பு. வீட்டுக்காரர் காபியோடு வந்து எட்டிப் பார்த்து, "ஏம்மா, மலைக்கு முடி முளைச்சிருக்கா?" என்றார். பதில் சொல்லவில்லை. சொல்லும்படி அவர் ஒன்றும் தப்பாகக் கேட்கவில்லை.

சிலும்பு அடங்கட்டும் என்று அடுத்து தேன்மெழுகு தடவினேன். நூல் அழகாக வழவழவென்று ஆனது. ஆனால் மெழுகு தடவிய நூலைத் தண்ணீர்ப் பசை தொடவே மாட்டேன் என்கிறது. இன்றைக்கு ஒட்டினால் நாளைக் காலை முனை எழுந்து நிற்கும். யோசித்திருந்தால் முன்பே தெரிந்திருக்க வேண்டும். மெழுகின் வேலையே தண்ணீரைத் தள்ளுவதுதானே!

மூன்றாவது, பாலியெஸ்டர் நூல். சிலும்பே கிடையாது. ஆனால் வளைத்தால் வளைந்த இடத்தில் நிற்காது, ஸ்பிரிங் மாதிரி துள்ளும். அதை அடக்க சூப்பர் குளூ போட்டேன். காலையில் பார்த்தால் நூலின் இரண்டு பக்கமும் வெள்ளைப் புகை படிந்திருந்தது. அந்தப் பசையின் ஆவி காற்றின் ஈரத்தில் பட்டு இறுகி, பக்கத்திலேயே தூளாகப் படிகிறது. ஜன்னலைத் திறந்து வைத்து, ஊசி முனையில் எடுத்துத் துளித்துளியாகப் போட்டால் குறையும் என்கிறார்கள். எனக்குக் குறையவில்லை. இந்த வெள்ளைப் புகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

நாலாவதாகக் கைகொடுத்தது நெருப்பு. பழைய பருத்தி நூலையே எடுத்து, இரண்டு கையாலும் விறைப்பாகப் பிடித்து, மெழுகுவர்த்திச் சுடரின் நீலப் பகுதியில் சட்டென்று ஓர் இழுப்பு. சிலும்பு மட்டும் பொசுங்கி, நூல் நிற்கிறது. அரை நொடி தாமதித்தால் நூல் இரண்டாகும், கூடவே விரலும் சுடும். (பாலியெஸ்டரில் இதைச் செய்யாதீர்கள், உருகிச் சொட்டும்.) சமையலறைப் புகை அலாரம் இரண்டு தடவை அலறியது. அப்புறம் பின்கட்டுக் கதவைத் திறந்து வைத்துச் செய்தேன். காற்றில் சுடர் ஆட, அது ஒரு தனிக் கஷ்டம்.

ஒட்டுவதிலும் என் முறை தலைகீழாக இருந்திருக்கிறது. நூலை விறைப்பாகப் பிடித்து ஒட்டினால் மேட்டில் பதியும், பள்ளத்தில் பாலம் போட்டுக்கொண்டு அந்தரத்தில் நிற்கும். நிஜச் சுவர் பள்ளத்தில் இறங்கித்தானே ஏறுகிறது? இப்போது பசையும் தண்ணீரும் சமபாகம், அதில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். நூலை அதில் முக்கி எடுத்து, துவண்டு கிடக்கும்போதே தரையில் படுக்கவிட்டு, ஈரத் தூரிகையின் நுனியால் அரை செ.மீ.க்கு ஒரு தட்டு. காய்ந்ததும் கம்பி மாதிரி இறுகிவிடுகிறது. திரவம் சேர்க்காவிட்டால் பசை நூலுக்குள் இறங்காமல் மணிமணியாக மேலேயே நிற்கும்.

இப்படி நாலு மீட்டர் ஒட்டினேன். தூரத்தில் நின்று பார்த்தேன். மலைமேல் மீன்வலை போர்த்தியது போல இருந்தது.

எங்கே தப்பு என்று புரியவே இல்லை. 1:25000 வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு வயல் கோட்டையும் பிசகாமல் போட்டிருந்தேன். மறுநாள் சனிக்கிழமை. ஷெஃபீல்டிலிருந்து 272 பஸ் பிடித்துக் காஸில்டனில் இறங்கி, வின்னட்ஸ் வழியாக ஏறினேன். 'காற்றுவாசல்' என்ற பொருளில் வந்த பெயர். அன்றைக்குப் பெயருக்குத் துரோகம் செய்யவில்லை, குடையைப் பறித்து ஆட்டு மந்தை நடுவே போட்டது.

கணவாயின் இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறை. அந்தப் பக்கத்துச் சுவர்கள் சாம்பல் கலந்த வெள்ளை. மேலே ஏறி, மாம் டோரின் உச்சித் தூணைத் தொட்டுவிட்டு, கல் பாவிய பாதையில் வடகிழக்கே முதுகின்மேல் நடந்தால் சுவர்கள் கறுத்துவிடுகின்றன. பாறையே மாறிவிட்டதுதான் காரணம். தெற்கே சுண்ணாம்புக்கல், வடக்கே கரடுமுரடான மணற்கல். வெள்ளை பீக், கறுப்பு பீக் என்று அந்த மலைநாட்டையே இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். அந்த எல்லை என் பலகையின் நடுவே ஓடுகிறது. சுவர் கட்டியவர்கள் கல்லை வண்டியில் தூரத்திலிருந்து கொண்டுவரவில்லை, காலடியில் கிடைத்ததை அடுக்கியிருக்கிறார்கள். நானோ எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் நூல்.

ஹோலின்ஸ் கிராஸில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். மலைமுதுகுக்கு அந்தப் பக்கத்து ஈடேல் கிராமத்துக்குத் தனித் தேவாலயம் வருவதற்கு முன்னால், சவப்பெட்டியை இந்தத் தாழ்வின் வழியாகத்தான் இந்தப் பக்கத்துக்குத் தூக்கி வந்தார்களாம். எனக்குத் தோள்பையே கனத்தது. கீழே இறங்கும்போது அடுத்த அடி. பள்ளத்தாக்கின் அடிப்பகுதியில் பல எல்லைகளுக்குச் சுவரே இல்லை. புதர் வேலி, நடுநடுவே மரம். அங்கே தரைக்கு அடியில் இருப்பது களிப்பாறை. கையில் எடுத்து நசுக்கினால் உதிரும், அதை வைத்து யார் சுவர் கட்டுவார்கள்? வரைபடமோ சுவரையும் வேலியையும் கம்பியையும் ஒரே கறுப்புக் கோடாகத்தான் காட்டுகிறது. குறை வரைபடத்தில் இல்லை, அதைச் சுவர்ப்படம் என்று படித்த என்னிடம்.

வீட்டுக்கு வந்து ஒட்டியதில் பாதிக்கு மேல் பிடுங்கினேன். பூச்சும் கூடவே பெயர்ந்து வந்ததைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

இப்போது மூன்று வகை. சுண்ணாம்புப் பகுதிக்கு வெளுத்த நூல். மணற்கல் பகுதிக்குக் கறுப்புச் சாயத்தைக் கடையில் வாங்கினேன், அது நீலம் பாய்ந்து போலீஸ் பேண்ட் நிறத்துக்கு வந்தது. அதனால் கடுந்தேநீரில் நூலை இரவு முழுக்க ஊறவைத்து, பிறகு துருப்பிடித்த ஆணி ஊறிய வினிகரில் முக்குகிறேன். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் ஒரு புகைக் கறுப்பு வரும். நாளாவட்டத்தில் இது நூலை இற்றுப்போகச் செய்யும் என்பது தெரியும். பசை ஏறி இறுகிய நூல்தானே, என் காலம் வரை தாங்கினால் போதும். வேலிக்கு, நுண்பஞ்சைக் காபி வடிகட்டியில் சலித்து எடுத்த தூள்.

அந்த சூப்பர் குளூ வெள்ளைப் புகை இருக்கிறதே, அது வின்னட்ஸ் பக்கம் ஒரு விரற்கடை நீளத்துக்கு அப்படியே கிடந்தது. கறுப்புச் சுவர்களையும் வெளுத்த சுவர்களையும் போட்ட பிறகு பார்த்தால், அந்த இடம் மட்டும்தான் சுண்ணாம்புப் பாறைச் சரிவு போல உண்மையாக இருக்கிறது! விட்டுவைத்திருக்கிறேன். கேட்டால் வேண்டுமென்றே செய்தது என்றுதான் சொல்வேன்.

கொள்முதல் பற்றி இரண்டு வார்த்தை. ஃபோம் போர்டைத் தபாலில் வாங்காதீர்கள். எனக்கு வந்த பத்தில் நாலு வளைந்திருந்தது, விற்றவர் புகைப்படம் கேட்டுக்கேட்டே ஒரு மாதம் ஓட்டிவிட்டார். நூலுக்குக் கைவினைக் கடை வேண்டாம், மார்க்கெட்டில் துணி தைப்பவரிடம் கேட்டால் மிச்சக் கண்டுகளைச் சும்மாவே கொடுக்கிறார். காஸில்டனில் புளூ ஜான் கல்லின் ஒரு சின்னச் சில்லும் வாங்கினேன். ஊதாவும் மஞ்சளும் வரிவரியாக ஓடும் கல். அதை வெட்டியெடுக்கும் ட்ரீக் கிளிஃப் குன்று என் மாதிரியில் இரண்டு விரல் அகலம். அதற்குள் ஒரு துளை போட்டுச் சில்லைப் புதைத்துவிட ஆசை. வெளியே தெரியாது. எனக்குத் தெரிந்தால் போதும்.

இன்னும் கிழக்குச் சரிவைத் தொடவே இல்லை. மணற்கல்லும் களிப்பாறையும் மாறிமாறி அடுக்கிய மலை, அதில் தண்ணீர் இறங்கி, நாலாயிரம் வருடம் முன்பு சரிந்தது இன்றும் சரிந்துகொண்டிருக்கிறது. நடுங்கும் மலை என்று பட்டப்பெயர். மாம் டோர் என்றால் தாய் மலை, தன்னிடமிருந்து உதிர்ந்ததை எல்லாம் குட்டி மேடுகளாகக் காலடியில் வைத்திருப்பதால் அப்படி என்பார்கள். அதன்மேல் 1819-ல் சாலை போட்டார்கள். சரியச் சரிய ஒட்டுப்போட்டு, 1979-ல் கைவிட்டார்கள். இப்போதும் போய்ப் பார்க்கலாம். தார் தோசை அடுக்கு போல ஒன்றன்மேல் ஒன்றாகப் பிளந்து தொங்குகிறது. நுண்ணிய உப்புத்தாளை அரை மி.மீ. பட்டையாக வெட்டிச் சாலை செய்யலாம் என்று இருக்கிறேன். முதலில் முழுசாக ஒட்டி, பிறகு உடைப்பதா, உடைத்துவிட்டு ஒட்டுவதா? செய்தவர்கள் சொல்லுங்கள்.

இதற்கு நடுவே, அதே மலைநாட்டின் இன்னொரு மலையான கிண்டர் ஸ்கவுட்டின் சமவுயரக் கோடுகளையும் இறக்கி வைத்துவிட்டேன். 636 மீட்டர், மேலே தட்டை. சுவர் குறைவு என்பதுதான் முக்கியக் கவர்ச்சி. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "முதல்ல இதை முடி" என்றார்.

அவர் நேற்றிரவு அடுப்பு மேடையில் இருந்த டம்ளரை டீ என்று நினைத்துக் கையில் எடுத்துவிட்டார். நல்லவேளை, ஆணி கிணுங்கியது. இப்போது டம்ளர்மேல் "குடிக்காதீங்க, இது மலை" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். இன்னும் ஐந்து மீட்டர் நூல் ஊற வேண்டும்.