மழைக் கணக்கும் டிக்ஷனரியின் தொடக்க மதிப்பும்

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை ஆகிய ஊர்களில் நண்பர்கள் வீட்டு மாடியில் மழைமானி வைத்திருக்கிறோம். காலை 8.30க்கு அளவைப் பார்த்து அலைபேசியில் எனக்கு அனுப்புவார்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறையும் அந்த நேரத்தில்தான் முந்தைய 24 மணி நேர மழையைக் கணக்கிடுகிறது. இந்த ஊர்களுக்கு நடுவே மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள கணவாய்க்கு மேற்கே கொட்டித் தீர்க்கிற நாளில் கிழக்கே வெறும் சாரலோடு நின்றுவிடும். அந்த வேறுபாட்டை மாதவாரியாகப் பார்க்கும் ஆசையில் பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு சிறு நிரலை எழுதி வருகிறேன். ஊர்ப் பெயர் போன்ற ஒரு சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் தரவு அமைப்புதான் அதில் டிக்ஷனரி. இந்த முறை முழுக் கவனமும் ஒரே கேள்வியில் போயிற்று: டிக்ஷனரியில் இன்னும் இடம்பெறாத ஊரைக் கேட்டால் என்ன மதிப்பு வர வேண்டும்?

சாதாரண டிக்ஷனரியில் இல்லாத சாவியைக் கேட்டால் கீஎரர் (சாவி இல்லை என்ற பிழை) என்று நிரல் நின்றுவிடும். கெட் என்ற வழியில் மாற்று மதிப்பையும் சேர்த்துக் கேட்டால் அந்த மதிப்பு கிடைக்கும்; ஆனால் டிக்ஷனரியில் எதுவும் சேராது. செட்டிஃபால்ட் சாவியையும் மதிப்பையும் சேர்த்துவிட்டு அதையே திருப்பித் தரும். வேலை நடக்கிறது, ஆனால் ஊர் ஏற்கெனவே இருந்தாலும் ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் காலிப் பட்டியல் உருவாகி வீணாகப் போகிறது.

ஃபிரம்கீஸ் வழியையும் பார்த்தேன். ஊர்ப் பெயர்களையும் ஒரு காலிப் பட்டியலையும் கொடுத்தால் எல்லா ஊர்களுக்கும் அந்த ஒரே பட்டியல்தான் பங்காகும். புளியரைக்கு 12 மி.மீ. சேர்த்தால் தென்மலையிலும் 12 தெரியும். சுழியம் போன்ற மாறாத மதிப்புகளுக்கு அது நல்ல வழி, பட்டியலுக்கு ஆகாது.

2006இல் வந்த பைத்தான் 2.5இலிருந்து, இல்லாத சாவிக்குத் தொடக்க மதிப்பைத் தானே வைக்கும் டிஃபால்ட்டிக்ட் என்ற டிக்ஷனரி வகை இருக்கிறது. அதற்கு மதிப்பைக் கொடுப்பதில்லை, மதிப்பை உண்டாக்கும் செயலியை (ஃபங்ஷனை) கொடுக்கிறோம். லிஸ்ட் என்று கொடுத்தால், புது ஊர் வரும்போது மட்டும் அதைக் கூப்பிட்டு அந்த ஊருக்கென்றே ஒரு காலிப் பட்டியலை வைக்கும். முழு எண்ணுக்கான இன்ட் என்று கொடுத்தால் சுழியம். ஊருக்குள் மாதம், மாதத்துக்குள் அளவுகள் என்று இரண்டு அடுக்கு எனக்குத் தேவைப்பட்டது. லாம்டா என்ற பெயரில்லாச் சிறு செயலிக்குள் இன்னொரு டிஃபால்ட்டிக்டை வைத்ததும் ஒரே வரியில் முடிந்தது. அந்த வரி எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

அடுத்து வந்ததுதான் கடினமான பகுதி. ஒரு நாள் ஆரியங்காவுத் தம்பி, "அண்ணாச்சி, நேற்று புனலூர் போய்விட்டேன், அளக்கவில்லை" என்று எழுதியிருந்தார். இன்ட் வைத்த டிக்ஷனரியில் அந்த நாளைக் கேட்டால் சுழியம் வரும். மழையே பெய்யவில்லை என்றுதான் அதற்குப் பொருள். ஜூன் மாத ஆரியங்காவில் அது பெரிய பொய். ஆகவே அளவுகளுக்கு இன்டை எடுத்துவிட்டு லிஸ்டை வைத்தேன். மழையில்லாத நாளில் பட்டியலுக்குள் 0.0 இருக்கும், அளக்காத நாளில் எதுவும் சேராது. மொத்தத்தைப் பட்டியலின் நீளத்தால் வகுத்துச் சராசரி எடுத்தால் கணக்கு நேர்மையாக நிற்கிறது.

மழை நாட்களை எண்ண இன்ட் போதும் என்று முதலில் தோன்றும். 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால் மழை நாள் என்பது வானிலைத் துறையின் வரையறை. ஆனால் மாதம் முழுக்க அளக்காத ஊருக்கும் மழை நாள் சுழியம் என்றே வரும். அதனால் மழை நாளுக்குப் பக்கத்திலேயே அளந்த நாளின் எண்ணிக்கையையும் அச்சிடுகிறேன். அது இல்லாத அட்டவணையை இனி யாருக்கும் அனுப்புவதாக இல்லை.

டிஃபால்ட்டிக்ட் தாராளமானது, கேட்டதையெல்லாம் சேர்த்துக்கொள்ளும். புனலூர் இருக்கிறதா என்று சதுர அடைப்புக்குறியில் கேட்டாலே புனலூர் ஒரு காலி மாத அடுக்கோடு உள்ளே வந்துவிடும். கெட் வழியாகவோ இன் என்ற சொல்லாலோ கேட்டால் வராது. எழுத்து வேறுபாடு இன்னொரு தொல்லை. செங்கோட்டை 1956இல்தான் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இன்றும் மலைக்கு இருபுறமும் உறவுக்காரர்கள். ஒருவர் ஆரியங்காவு என்று எழுதுவார், மலையாளத்தில் படித்த இன்னொருவர் ஆர்யங்காவு என்பார். டிஃபால்ட்டிக்டுக்கு இரண்டும் இரண்டு ஊர். சத்தமே இல்லாமல் மழை இரண்டாகப் பிரிந்துவிடும்.

இதற்கு இரண்டு வழிகளைச் செய்து பார்த்தேன். தரவை ஏற்றி முடித்ததும் டிஃபால்ட்ஃபேக்டரியை (நாம் கொடுத்த செயலி இருக்கும் இடத்தை) நன் (None, அதாவது எதுவுமில்லை) என்று மாற்றினால், அதன்பின் அது சாதாரண டிக்ஷனரிபோல் கீஎரர் தரும். ஆனால் ஏற்றும்போதே நுழைகிற தவறான எழுத்தை அது தடுப்பதில்லை. எனவே டிக்ஷனரியிலிருந்து ஒரு வகுப்பை (கிளாஸ் என்ற புதுத் தரவு வகையை) உருவாக்கி அதில் மிஸ்ஸிங் என்ற செயலியை எழுதினேன். டிஃபால்ட்டிக்டுக்குக் கொடுக்கும் செயலிக்குச் சாவி தெரியாது, இதற்குத் தெரியும். சாவி நமது ஊர்ப் பட்டியலில் இருந்தால் அந்த ஊருக்குப் புது மாத அடுக்கை உண்டாக்கிச் சேர்க்கும். இல்லையென்றால் வந்த பெயரைக் காட்டி நின்றுவிடும். ஊர்களுக்கு இந்த வகுப்பு, உள்ளே மாதங்களுக்கு மட்டும் டிஃபால்ட்டிக்ட் என்று இப்போது அமைந்திருக்கிறது.

அளக்காத நாளுக்கு மறுநாள் மழைமானியில் இருப்பது இரண்டு நாள் மழை. அதை ஒரு நாள் அளவாகச் சேர்க்க மனம் ஒப்பவில்லை, மாத மொத்தத்திலிருந்து விடவும் முடியாது. அளவோடு எத்தனை நாளுக்கானது என்பதையும் ஜோடியாக வைக்கும் வேலையை அடுத்துத் தொடங்குகிறேன்.