ஊசி இல்லை அம்மா, மைக்!

தப்பு என்னும் பறையடியைப் பதிவு செய்ய மலையகத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்குப் போய் வந்தேன். எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு செலவாகும் என்று ஒழுங்காக எழுதத்தான் உட்கார்ந்தேன். முதலில் அந்த ஓட்டோக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை. கொட்டகலையிலிருந்து நண்பன் வீடு இருக்கும் அந்தத் தோட்டத்துக்கு 6 கிலோமீட்டர்கூட இல்லை. 1,800 ரூபாய் கேட்டார். மழை பெய்கிறதாம், மேடாம், திரும்பும்போது வெறும் வண்டியாக வர வேண்டுமாம். கெஞ்சி 1,400க்கு ஏறினேன். இறங்கியதும் நண்பனின் அம்மா கேட்ட முதல் கேள்வியே, "எவ்வளவு குடுத்தீங்க தம்பி?" சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதற்கு முன் கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு பஸ். கினிகத்தேனை வளைவுகளில் வயிறு ஒரு பக்கம், குடல் ஒரு பக்கம். தலைக்கு நேர் மேலே ஸ்பீக்கர், முழுச் சத்தத்தில். மடியில் நான் பொத்திப் பிடித்திருந்ததோ, காட்டுப்பூச்சியின் சத்தத்தையும் பிடிக்கிற இரண்டு குட்டி மைக்குகள்.

இந்த மைக்குகளுக்காகத்தான் பயணமே. போன வருடம் இதே தோட்டத்தில் தப்படித்ததை போனில் பதிவு செய்தேன். கேட்டால் தகர டப்பாவைத் தட்டுவது போல இருந்தது. நல்ல மைக் வாங்கலாம் என்று தேடினால், 1967 முதல் ஸ்டுடியோக்காரர்கள் கொண்டாடும் நியூமன் யூ 87 மூவாயிரம் டாலருக்கு மேல். வெள்ளவத்தையில் வாடகை கட்டுகிறவனுக்கு அது கனவிலும் வராது. கடைசியில் ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவில் லோம் என்றொரு சின்னத் தயாரிப்பாளரைக் கண்டுபிடித்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்கிறார்கள், சட்டென்று விற்றுத் தீர்ந்துவிடும். காத்திருந்து வாங்கினேன். பெயர் உஷி. அவர்கள் மொழியில் காதுகள் என்று அர்த்தம். நண்பனின் அம்மாவிடம் சொன்னபோது, "என்னா தம்பி, ஊசியா? ஒடம்புக்கு என்ன?" என்று பதறிவிட்டார்.

விரல் நுனியளவுதான் இருக்கும். உள்ளே சத்தத்தைப் பிடிக்கும் குட்டி உறுப்பு, எலெக்ட்ரெட் வகை கேப்சூல். மின்னேற்றத்தைத் தன்னுள்ளேயே தங்கவைத்துக்கொள்ளும் மெல்லிய படலம், 1962இல் பெல் ஆய்வகத்தில் செஸ்லரும் வெஸ்ட்டும் உருவாக்கியது. பெரிய ஸ்டுடியோ மைக்குகளைப் போல 48 வோல்ட் மின்சாரம் தேவையில்லை. ரெக்கோர்டரின் சின்னத் துளையிலிருந்து வரும் சில வோல்ட் போதும். ஆனால் இந்த வகை மைக்குக்கு ஈரம் எமன். படலத்தில் நீர் படிந்தால் மின்னேற்றம் கசிந்து மொறமொற என்று இரையும்.

இதெல்லாம் தெரிந்தும் நான் செய்த வேலையைப் பாருங்கள். பையை இரவு முழுக்க லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, திண்ணையில் வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் சில்லிட்ட மைக்கை எடுத்துக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போனேன், ரொட்டி சுடும் சத்தத்தைப் பிடிக்க. ஆவி, புகை, கொதிக்கிற தேத்தண்ணி. இரண்டு நிமிடத்தில் ஹெட்போனில் மொறமொற. மாத வாடகைக்குச் சமமான காசு அது. கை நடுங்கியது.

ஆனாலும் சாப்பிட்டேன், பொய் சொல்ல மாட்டேன். தடித்த கோதுமை மா ரொட்டி, ஓரம் கருகியது, அம்மியில் அரைத்த கட்டச் சம்பல். நான்கு ரொட்டி. கொழும்பில் இதற்கு எவ்வளவு கேட்பார்கள் என்று கணக்குப் போட்டு, ஓட்டோ காசில் பாதியை மனதுக்குள் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

பத்து மணிக்குத் தப்படிக்கும் பெரியவர் வந்தார். பனி இறங்கியிருந்தது. தப்பைத் தட்டிப் பார்த்தார், தொப்பென்றது. தோலில் ஈரம். காய்ந்த மானாப்புல்லைக் கொளுத்தி, தப்பைத் தீக்கு மேலே சுற்றிச் சுற்றிக் காட்டினார். நடுவிலே விரலால் சுண்டிக் கேட்பார், மறுபடியும் காட்டுவார். என் மைக்குக்கும் அதே நோய்தான் என்று சொன்னேன். "அப்ப இங்க குடுங்க தம்பி, காட்டிருவோம்" என்று கையை நீட்டினார். ஐயோ, வேண்டாம்! சூடு மிஞ்சினால் அந்த மின்னேற்றமே போய்விடும். தீக்கு ஐந்தடி தள்ளி உட்கார்ந்து, மைக்குகளைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். அரை மணி நேரத்தில் மொறமொற நின்றது.

அப்புறம் அவர் அடித்தார். வலக்கை அடிகுச்சியின் கனம், இடக்கை சிண்டுகுச்சியின் சிதறல், எதிர் மலையில் பட்டுத் திரும்பிய அடி, மூன்றும் தனித்தனியாகக் கேட்டன. மைக்கைப் பக்கத்தில் வைத்தபோது சத்தம் தாங்காமல் ஒலி பிளந்தது. பதினைந்தடி பின்னால் போனதும் சரியாகிவிட்டது. பதினோராவது நிமிடத்தில் ஒரு நாய் குரைக்கிறது. அதை வெட்டவில்லை, தாளத்தில்தான் குரைக்கிறது.

தங்கியது நண்பன் வீட்டில், அதனால் அறை வாடகை எனக்குத் தெரியாது. திரும்பும்போது கொட்டகலைக்கு நடந்தே இறங்கினேன். ஒன்றேகால் மணி நேரம், அட்டை இரண்டு, செலவு பூச்சியம்.